கழுவிய டப்பா

மகளை விட்டிருந்த டே கேர் எப்படி என்று யாராவது கேட்டால், அந்தக் காலத்தில் நான் முதலில் சொன்ன வார்த்தை சுத்தம். "தரையில சோத்தக் கொட்டித் துன்னலாம், அவ்ளோ க்ளீனு" என்று என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் பீற்றிக்கொள்வேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். வீட்டில் பொம்பளை இல்லாமல் ஒருத்தன் தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான் என்றால் ஊரில் எல்லோருக்கும் அவன் மேல் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. எனக்கு அந்த 'உச்' கொட்டுகிற சத்தத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால் நானே முந்திக்கொண்டு, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மனைவி நர்ஸ். என்னைப் போலவே ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஓமனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது மகளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. என் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மாமியார் ஓசூரில் மகன் வீட்டில், முட்டி வலியோடு. ஆக, நானும் மகளும்தான். "பாத்துக்குவியா? நெசமா பாத்துக்குவியா?" என்று ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று சொன்னாள்: "கொயந்த சரியா சாப்புடல, எளச்சிட்டான்னு மட்டும் தெரிஞ்சுது, அடுத்த ஃப்ளைட்ட புடிச்சி வந்துடுவேன். வேலையாவது மண்ணாவது." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நீ போ, நான் இருக்கேன்ல" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே கவலை. மகள் சாப்பிட வேண்டும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். கன்டெய்னரை மேலிருந்து கவ்வித் தூக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் வண்டி அது. நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். காதில் வாக்கி டாக்கி மட்டும் கரகரவென்று நம்பர் சொல்லிக்கொண்டிருக்கும். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசாமல் முடிந்துபோன நாட்கள் உண்டு. வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு ஆள் அந்தக் குழந்தைதான்.

டே கேர் தேடி அலைந்த கதை தனி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே துண்டு. அதிலேயே மூக்கு, அதிலேயே வாய். ஒரு மூலையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. கலீஜ் என்றால் அப்படி ஒரு கலீஜ். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன். இன்னொன்றில் குழந்தையைச் சாயங்காலம் நாலு மணிக்கே வந்து அழைத்துக்கொள்ள வேண்டுமாம். நாலு மணிக்கு நான் நாற்பதடி கன்டெய்னரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருப்பேன், அதைக் கீழே போட்டுவிட்டா வருவது?

டோல்கேட் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தது மூன்றாவது இடம். நான் வேலைக்குப் போகும் வழி. ஆறு மணி வரை வைத்துக்கொள்வார்கள். தரை பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாய், தனித்தனியாகத் துண்டு. கீழ் வீட்டில் வீட்டுக்காரர்கள், தெற்கத்திப் பக்கத்து ஆட்கள், எண்ணெய் மொத்த வியாபாரம். படியேறும்போதே சாம்பிராணி வாசனை வரும். நடத்துகிற மேடம் காட்டன் புடவையில், மெதுவான குரலில் பேசினார். "மதியத்துக்கு லைட்டா ஏதாவது குடுத்து அனுப்புங்க சார்" என்றார். அவருக்குக் கீழே ஒரே ஒரு ஆயா. புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். "கவலப்படாத நைனா, நம்ம வூட்டுப் புள்ள மாரி பாத்துக்குவோம்" என்று என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு அன்றைக்கே மனசு ஆறிவிட்டது.

லைட்டாக என்றால் மீன்தானே? வேறென்ன? மீனைவிட எளிதாகச் செரிக்கிற சாப்பாடு எனக்குத் தெரிந்து கிடையாது. எங்கள் கடற்கரை ஜனத்துக்கு அது சந்தேகமே வராத விஷயம். பல் முளைக்காத குழந்தைக்கே மீனைப் பிசைந்து ஊட்டுகிறவர்கள் நாங்கள். தெருவில் மீன் கூடையோடு வருகிற அக்காவிடம் கிழங்கான், வவ்வால் என்று முதல் நாளே சொல்லி வைப்பேன். விடியும் முன் எழுந்து குழம்பு வைத்து, முள்ளைத் தடவித் தடவி எடுத்து, சோற்றில் பிசைந்து டப்பாவில் அடைப்பேன். பால் சுறா கிடைத்தால் அன்றைக்கு விசேஷம். வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டுப் புட்டு. அதில் முள் பயம் இல்லை. சமையல் தெரியாதவன் நான். மனைவி போன புதிதில் வீடியோ காலில் அவள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டேன். கை பழகியதும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சாயங்காலம் மகளைக் கூட்டி வரும்போது டப்பாவைத் திறந்து பார்ப்பேன். காலி. வெறும் காலி இல்லை, கழுவித் துடைத்து, எலுமிச்சை சோப்பு வாசனையோடு காலி. எந்த டே கேரில் டப்பாவைக் கழுவித் தருகிறார்கள், சொல்லுங்கள்? பெரிய பள்ளிக்கூடங்களில்கூட மிச்சம் மீதி ஒழுகுகிற டப்பாவைத்தான் பைக்குள் திணித்து அனுப்புகிறார்கள். நான் அந்தப் படிக்கட்டிலேயே, "இன்னாடி பாப்பா, மொத்தமும் காலியா!" என்று அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவேன். அவளும் கெக்கெக்கே என்று சிரிப்பாள். பிறகு பைக்கின் மேல் டப்பாவை வைத்து ஒரு போட்டோ எடுத்து ஓமனுக்கு அனுப்புவேன். அங்கிருந்து ஒரு இதயம் வரும். அந்த நாளில் எனக்கு வேறு சம்பளம் வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்குப் பசிக்கும். பேக்கரியைத் தாண்ட விடமாட்டாள். பன் வாங்கிக் கொடுத்தால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்தபடியே, லாரிகள் கிளப்புகிற புழுதியோடு சேர்த்துத் தின்று தீர்ப்பாள். வீட்டுக்குப் போனதும் மறுபடியும் சாப்பாடு. வளர்கிற பிள்ளை, மதியமும் சாப்பிட்டு, இப்போதும் இப்படிச் சாப்பிடுகிறதே என்று நான் பூரித்துப்போவேன். மனைவிதான் ஒருமுறை போனில் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "கன்னம் ஒட்டின மாரி கீதே?" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தெனம் காலி டப்பா அனுப்புறேனே, பாக்கறதில்லியா நீ? லைட்டு சரியில்ல, அதான் அப்டித் தெரியுது" என்று போனை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

இப்படியே மாதங்கள் போயின. தவக்காலம் வந்தது. விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அப்படி இருப்பார்கள். நாங்கள் முழுசாக இருப்போம், மனைவிக்கு வேலை கிடைத்தால் அப்படி இருப்பதாக ஒரு பொருத்தனை, நேர்த்திக்கடன் மாதிரி. அதனால் மகளுக்கும் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டிக் கொடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. கழுவவே இல்லை. கால்வாசிச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள். பைக்குள் சாம்பார் ஒழுகி அவளுடைய மாற்றுத் துணியெல்லாம் நாறியது. சரி, ஒரு நாள் மறந்திருப்பார்கள் என்று விட்டேன். மறுநாள் கீரை சாதம். அதே கதை. அடுத்து லெமன் சாதம், தயிர் சாதம். எல்லாம் கொஞ்சம் மிச்சத்தோடு, கழுவாமல் வந்தன.

எனக்கு இரண்டு வருத்தம். ஒன்று, என் கைக்கு மீன் மட்டும்தான் வருகிறது, சைவம் வைத்தால் பிள்ளை மிச்சம் வைக்கிறாள். இன்னொன்று, அந்த டே கேர் கெட்டுப்போய்விட்டது. ஆரம்பத்தில் பிலிம் காட்டுவது, ஆள் பழகியதும் கையை விடுவது, எல்லா இடத்திலும் இதுதானே நடக்கிறது? அந்த வாரம் ஓமனுக்கு போட்டோ போகவில்லை. "இன்னாப்பா, டப்பா போட்டோவே காணோம்?" என்று மனைவி கேட்டதற்கு, போனில் இடம் இல்லை என்று ஏதோ உளறினேன். மகள் பேக்கரியைப் பார்த்தும் பேசாமல் வந்தாள். அது என் மண்டையில் ஏறவில்லை. டப்பா கழுவாதது மட்டும் மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினேன். மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டிருந்தார்கள். மகள் பாயில் உட்கார்ந்து ஒரு பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவை மேடத்தின் மேஜை மேல் டொக்கென்று வைத்தேன்.

"இன்னா மேடம் இது? ஆரம்பத்துல பளபளன்னு கழுவிக் குடுத்தீங்க. இப்ப இன்னாச்சி? பைய பூரா சாம்பாரு. புள்ளைங்க பொழங்குற எடம், இப்டியா கலீஜா வச்சிப்பீங்க?"

மேடம் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆயாவைப் பார்த்தார். ஆயாதான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கோச்சிக்காத நைனா. டப்பா கய்வுற வயக்கம் இங்க இல்லியே. எந்தப் புள்ள டப்பாவையும் நாங்க கய்வுறதில்ல. இப்ப உம் பொண்ணு நல்லாத் துன்னுது, மிச்சத்த அப்டியே மூடிக் குட்த்துட்றோம்."

"இப்ப துன்னுதா? அப்ப முன்னாடி?"

ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் சட்டென்று, "நீ கீழ போம்மா" என்றார். ஆனால் ஆயா போகவில்லை. அவருக்கும் அது பல நாளாகத் தொண்டையில் நின்றிருக்க வேண்டும்.

"மீன் டப்பாவத் தொறக்கவே கூடாது நைனா. கீய் வூட்டுக்காரங்க சைவம். வாசன அடிச்சா வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களாம். நீ இன்னாடான்னா தெனம் மீனு, சொறா. நான் எத்துகினு போயி பின்னால சந்துல பூனைக்குக் கொட்டிட்டு, வாசன போவ சோப்பு போட்டுக் கய்வி வச்சிடுவேன். கொயந்தைக்கு பிஸ்கோத்து குடுப்போம், பாலு குடுப்போம். பட்டினி போடல நைனா, அந்தோணியார் மேல சத்தியமா."

மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்லயே சொல்லியிருக்கணும் சார், தப்புதான். லைட்டா குடுங்கன்னு சொன்னேன், நீங்க புரிஞ்சுப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க டப்பாவப் பாத்து அவ்ளோ சந்தோஷப்பட்டீங்களா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா வேற எடம் பாத்துட்டுப் போயிடுவீங்கன்னும்..."

அடப்பாவிகளா. விடிய எழுந்து முள் எடுத்தேனே. ஒரு முள் தப்பினால் பிள்ளைத் தொண்டையில் மாட்டுமே என்று ஒவ்வொரு துண்டையும் நசுக்கி நசுக்கிப் பார்த்தேனே. எங்கள் குடும்பத்தில் மூன்று பேர், அந்த மூன்று பேரைவிட நன்றாகச் சாப்பிட்டது டோல்கேட் சந்துப் பூனை. கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. கீழ் வீட்டு அம்மாள் படிவரைக்கும் வந்து நின்று எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. பாதியில் மகள் பொம்மைக் காரை விட்டுவிட்டு எழுந்து நின்று என்னையே பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

இடத்தை மாற்றினாயா என்று கேட்பீர்கள். மாற்றவில்லை. மாற்றி எங்கே கொண்டுபோய் விடுவது? அந்த ஒரே துண்டு இருக்கிற இடத்திலா? மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏற வேண்டும். யாரிடமாவது இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை. யார்டில் சொன்னால் அந்த 'உச்'. ஓமனுக்குச் சொன்னால் அடுத்த ஃப்ளைட். அப்புறமும் அதே மாடிக்குத்தான் போனோம். ஈஸ்டர் முடிந்த பிறகும் தயிர் சாதம்தான் கட்டிக் கொடுத்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

கத்திவிட்டு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளுக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அடுப்பில் எதுவும் வைக்கத் தோன்றவில்லை. வழக்கம்போல டீ போட்டுக்கொண்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் தோசையைக் கிழித்துச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டாள். கைகள் அவ்வளவு மெலிசாக இருந்தன. முன்பே அப்படித்தான் இருந்திருக்கும். நான் டப்பாவைப் பார்த்த அளவுக்கு அவள் கையைப் பார்க்கவில்லை.

"பாப்பா, மீன் சோத்த ஆயா உனக்கு ஊட்டவே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல? சொல்லக்கூடாதுன்னு மிரட்டுனாங்களா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்டா?"

தோசையை மென்று விழுங்கினாள். பிறகு, "டப்பா காலியா இருந்தா நீ சிரிப்பல்ல" என்றாள்.

நாலு வயதுகூட முடியாத குழந்தை. மத்தியானம் நாலு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, சாயங்காலம் படிக்கட்டில் எனக்காகச் சிரித்துச் சுற்றியிருக்கிறாள். நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. நைட் டியூட்டிக்குப் போகும் முன் மனைவி கூப்பிடுகிற நேரம். மகள் ஓடிப்போய் எடுத்தாள், அதற்குள் எல்லாம் பழகியிருந்தது அவளுக்கு. வெள்ளைச் சீருடையில் மனைவி முகம் தெரிந்ததும், எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "செல்லம், மத்தியானம் சாப்ட்டியாடி? மொத்தமும் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. மொத்தமும் காலி." என் மகள் கண்ணை இமைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். "பொய்யி. அவ சாப்புடல. தவக்காலம் வர்ற வரிக்கும் இத்தினி மாசமா மத்தியானம் ஒரு வா சோறு சாப்புடல. காலி டப்பான்னு நான் உனக்கு அனுப்புனது எல்லாம் பூன துன்னுது" என்றேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் நான் அழுததில்லை. திட்டுவாள், டிக்கெட் போடுகிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ சாப்ட்டியா?" என்றாள்.

"இன்னா?"

"நீ, நீ சாப்ட்டியா இன்னிக்கி?"

"ஆச்சி, ஆச்சி. தோச" என்றேன்.

"போன கொயந்தகிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். "செல்லம், நீ சொல்லு. அம்மா கோச்சிக்க மாட்டேன். அப்பா சாப்ட்டுதா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் நான் சிரிப்பேன் என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு" என்றேன்.

"இல்லம்மா" என்றாள். "அப்பா டீ தான் குடிச்சுது. தெனமும் டீ தான்."